அப்பா சிறையிலிருந்து வருகிறார், அறைத்தோழனிடம் சொல்லலாமா? (ருவாண்டா மாணவன் ஒருவனின் கேள்வி)

ஹுயே வாத்தியார்:
நண்பர்களே, ஆறு வருடமாக ருவாண்டாவின் தெற்கே ஹுயேயில் கல்லூரிப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புட்டாரே என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் வருடப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். லீவு வேண்டும் என்றான். எதற்கு என்றேன். அப்பா வருகிறார் என்றான். எங்கிருந்து என்று கேட்டது என் தப்பு. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே "சிறையிலிருந்து" என்றான். இருபது வருடத் தண்டனை. என்ன வழக்கு என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், அந்த வயது ஆளுக்கு அத்தனை வருடம் என்றால் பெரும்பாலும் 1994 தான்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்துப்போனார்களாம். அவன் கேட்க வந்தது லீவு மட்டுமில்லை. விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் பையனின் அம்மா, அவர் பிறந்த வீட்டில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள். "சொல்லிவிட்டுப் போகவா சார், சொல்லாமலே போகவா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் தேறவில்லை. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

விவரம் தெரியாதவர்களுக்கு: 1994 ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் தொடங்கி ஏறக்குறைய நூறு நாளில், பெரும்பான்மை ஹூட்டு இனத்துத் தீவிரவாதிகள் சிறுபான்மை டூட்ஸி மக்களையும், கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களையும் கொன்று குவித்தார்கள். ஐ.நா. கணக்கில் 8 லட்சம் பேர், ருவாண்டா அரசின் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல். பல இடங்களில் வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே தெரு.

நெல்லை அண்ணாச்சி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது வாத்தியாரே. சொல்லக்கூடாது. படிக்க வந்த பிள்ளை படித்துவிட்டுப் போகட்டும். அப்பன் செய்த பாவத்துக்கு மகன் எதற்கு அறைக்கதவைத் திறந்து வைத்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

நல்லிணக்கம், மன்னிப்பு என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் போடும் படங்களைப் பார்த்திருக்கிறேன். கொன்றவரும் தப்பியவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். படம் எடுத்தவன் போன பிறகு அந்தக் கை எங்கே போகிறது என்று யாராவது சொல்வார்களா?

மல்லிகா டீச்சர்:
அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். வாத்தியார் சார், எனக்கு வேறு சந்தேகம். நான் இருபத்தேழு வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவள். அங்கே பள்ளியில் இதை எப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒரே பெஞ்சில் இரண்டு தரப்புப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது டீச்சர் வாயைத் திறந்து என்ன சொல்வார்? எனக்கென்றால் சாக்பீஸ் பிடித்த கையே நடுங்கும்.

ஹுயே வாத்தியார்:
டீச்சர், பல வருடம் சொல்லிக்கொடுக்கவே இல்லை. 1994க்குப் பிறகு பள்ளிகளில் ருவாண்டா வரலாற்றுப் பாடத்தையே நிறுத்திவைத்தார்கள். பழைய பாடப்புத்தகமே டூட்ஸிகள் வெளியிலிருந்து வந்தவர்கள், அவர்கள் ஊர் வேறு என்ற விஷத்தைத்தான் ஊட்டியது, புதியதை எழுத எந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 2015இல் அறிவித்து அடுத்த வருடம் வகுப்புக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில்தான் சமாதானமும் விழுமியங்களும் எல்லாப் பாடத்துக்குள்ளும் வர வேண்டும் என்று வைத்தார்கள். கணக்கு வாத்தியார் நான் இதை எங்கே நுழைப்பது என்று கேட்காதீர்கள். நிகழ்தகவுக் கணக்கில் பகடைக்குப் பதிலாக வேறு எதையாவது போட்டுச் சமாளிக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு இதில் பெரிய பங்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1930களில் பெல்ஜியக்காரர்கள் ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து அதில் ஹூட்டு, டூட்ஸி, ட்வா என்று எழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது போகவில்லை. வகுப்பில் வாத்தியாரே "டூட்ஸிப் பிள்ளைகள் எழுந்து நில்" என்பாராம். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் இது வந்துவிடும். என் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார், முதல் முறை எந்தப் பக்கத்தோடு எழுந்து நிற்பது என்று தெரியாமல் இரண்டு முறையும் எழுந்தாராம், வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டபோதுதான் தான் யார் என்று தெரிந்ததாம். 1994இல் தடுப்புச் சாவடிகளில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லித்தான் பிரித்தார்கள். இப்போது அட்டையில் அந்த வரியே கிடையாது.

இன்னொன்று. சர்வதேச நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக் குற்றத்துக்காக முதன்முதலில் தண்டித்த ஆள் ழான்-போல் அகாயேசு, 1998இல். தபா என்ற ஊரின் மேயர். அதற்கு முன்னால் அவர் பள்ளி ஆசிரியர், பள்ளி ஆய்வாளர்.

மல்லிகா டீச்சர்:
ஆய்வாளரா. சரி.

இப்போது இருக்கிற டீச்சர்கள்? அவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே?

ஹுயே வாத்தியார்:
அதுதான் சிக்கல். ஒரு டீச்சர் தப்பிப் பிழைத்தவர், பக்கத்து வகுப்பு டீச்சரின் புருஷன் சிறையில். இரண்டு பேரும் ஒரே பாடத்தை எடுக்க வேண்டும். 2008இல் "இனப்படுகொலைச் சித்தாந்தம்" (இனப்படுகொலையை ஆதரிக்கும் பேச்சு) என்று ஒரு குற்றத்தைச் சட்டமாக்கினார்கள், 2018இல் திருத்தினார்கள். நோக்கம் நியாயம். ஆனால் வாத்தியாருக்குப் பயம். பிள்ளை ஏடாகூடமாக ஏதாவது கேட்டு, தான் சொல்லும் பதில் சட்டத்தில் மாட்டிவிடுமோ என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை பள்ளியில் கேட்பது ஒன்று, ராத்திரி அடுப்படியில் கேட்பது வேறொன்று. என் மாணவன் கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிய கேள்வி.

சட்டைப்பை சட்டம்:
வக்கீல் என்ற முறையில் இரண்டு வார்த்தை. அந்தப் பையனின் அப்பா பெரும்பாலும் கச்சாச்சாவில் தண்டிக்கப்பட்டிருப்பார். கச்சாச்சா என்றால் புல். ஊர்ப்பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் பழைய முறை, நம் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து மாதிரி. அதை எடுத்துத் தூசி தட்டிச் சட்டமாக்கினார்கள்.

வேறு வழி இருக்கவில்லை. 2000 வாக்கில் சிறைகளில் ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். நீதிபதிகளும் வக்கீல்களும் செத்துவிட்டார்கள் அல்லது ஓடிவிட்டார்கள். வழக்கமான கோர்ட்டு போன வேகத்தில் போனால் நூறு வருடம் ஆகும். ஐ.நா. தான்சானியாவின் அருஷாவில் வைத்த தீர்ப்பாயம் இருபது வருடத்தில் மொத்தம் 93 பேர் மீதுதான் குற்றம் சாட்டியது. கச்சாச்சாவில் 2005 முதல் 2012 வரை ஊருக்கு ஊர் 12,000க்கும் மேற்பட்ட மன்றங்கள், சுமார் 19 லட்சம் வழக்குகள். நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்த விவசாயிகள், கடைக்காரர்கள். வக்கீல் கிடையாது (அதனால்தான் சீக்கிரம் முடிந்தது என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்).

ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், அதிலும் பாதி சிறைக்கு வெளியே ரோடு போடுவது, வீடு கட்டுவது என்று சமூக வேலையாகக் கழியும். ஆனால் வெறுமனே "செய்தேன்" என்றால் போதாது. யாரை, யாரோடு சேர்ந்து, உடலை எங்கே போட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். தப்பியவர்களுக்கு அந்தக் கடைசி விவரம்தான் உயிர். அப்பாவின் எலும்பு எந்தக் கழிவறைக் குழியில் கிடக்கிறது என்று பதினைந்து வருடம் கழித்துத் தெரிந்தது பலருக்கு இந்தப் புல்தரையில்தான்.

நெல்லை அண்ணாச்சி:
வக்கீல் சார் நல்ல பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். சாட்சி சொன்னவர்களைக் கொன்ற கதையும் உண்டே. பழைய சொத்துத் தகராறுக்கு இதில் மாட்டிவிட்ட கதையும் உண்டு. அதோடு, கொலைகளை நிறுத்தி ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணிப் படையினர் செய்த கொலைகளைக் கச்சாச்சா தொடவே இல்லை. ஒரு பக்கத்துச் செத்தவர்களுக்கு மட்டும் புல்தரை, இன்னொரு பக்கத்துக்கு வாயைத் திறந்தாலே சட்டம். இதற்குப் பெயர் நல்லிணக்கமா?

சட்டைப்பை சட்டம்:
மறுக்கவில்லை அண்ணாச்சி. மனித உரிமை அமைப்புகளும் அதைத்தான் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்களே இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள், "மலையை வாங்குவது". பத்துப் பேர் சேர்ந்து செய்ததை ஒருவன் காசு வாங்கிக்கொண்டு தான் மட்டும் செய்ததாக ஒப்புக்கொள்வான், மலையில் மீதி ஒன்பது பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் இரண்டு பக்கத்துச் சாவையும் ஒரே தராசில் போடுவதும் சரியில்லை. ஒன்று ஒரு இனத்தையே துடைத்தெறிய அரசாங்கம் திட்டம் போட்டு, வானொலி வைத்து, கத்தி இறக்குமதி செய்து நடத்தியது. மற்றதும் குற்றம்தான், விசாரித்திருக்க வேண்டும், ஆனால் அது வேறு குற்றம். இரட்டை இனப்படுகொலை என்று பேசுகிறவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பனையடி:
நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட கதையை இழுத்து இதைத் திசைதிருப்ப வரவில்லை, ஒரே ஒரு விசயம். ருவாண்டாவில் ஒப்புக்கொள்ள வைக்க முடிந்ததற்குக் காரணம், செய்த அரசு தோற்றுப்போனது. தப்பியவர்களின் பக்கத்து ஆட்கள் ஆட்சிக்கு வந்தார்கள், கோர்ட்டு வைத்தார்கள், நினைவிடம் கட்டினார்கள். அதே அரசு இருந்திருந்தால் புல்தரையும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை, ஏப்ரலில் விளக்கேற்றவும் விடமாட்டார்கள். இதை மறந்துவிட்டு மன்னிப்பைப் பற்றி மட்டும் பேசினால் எனக்கு எரிச்சல் வரும்.

மட்டுறுத்துநர்:
பனையடி சொன்னது பொருத்தம், அப்படியே விடுகிறேன். இதற்குக் கீழே வந்த ஐந்து பின்னூட்டங்களை இலங்கை இழைக்கு மாற்றியிருக்கிறேன், சண்டையை அங்கே போய்ப் போடுங்கள். இங்கே வாத்தியாரின் பையனுக்குப் பதில் சொல்லுங்கள்.

சிற்றலை:
வானொலிக்காரன் வந்துவிட்டேன். பாடப்புத்தகத்தைப் பற்றியே பேசுகிறோம், அந்த நாட்டில் கொலைக்குக் கூப்பிட்டது வானொலி. 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் நிலையம். நல்ல பாட்டுப் போடுவான், கிண்டலாகப் பேசுவான், பாட்டுக்கு நடுவில் டூட்ஸிகளைக் "கரப்பான்பூச்சிகள்" என்பான். 1994இல் ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் வாசித்தான்.

அந்த நிலையம் போன பிறகு, அரசு வானொலியில் 2004இல் முசெகெவேயா என்று ஒரு தொடர் நாடகம் தொடங்கியது, புது விடியல் என்று பொருள். புமான்சி, முஹுமுரோ என்று இரண்டு கற்பனைக் கிராமங்கள், நிலத் தகராறு, தூண்டிவிடும் தலைவன், நடுவில் ஷெமா, பாதாமுலிசா என்று ஒரு காதல் ஜோடி. ஹூட்டு, டூட்ஸி என்ற சொல்லே வராது. நாடே உட்கார்ந்து கேட்டது.

எலிசபெத் லெவி பலக் என்ற உளவியல் ஆய்வாளர் இதை வைத்து ஒரு வருடம் சோதனை செய்தார், முடிவுகள் 2009இல் வந்தன. சில ஊர்களுக்கு இந்த நாடகம், மற்ற ஊர்களுக்கு எய்ட்ஸ் பற்றிய வேறு நாடகம். நல்லிணக்க நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. வேறு பக்கத்தில் கல்யாணம் செய்தால் சமாதானம் வருமா என்றால் மனதில் பழையபடிதான். ஆனால் "நம் ஊரில் எது சரி, ஊரார் என்ன செய்வார்கள்" என்ற எண்ணம் மாறியிருந்தது. பிள்ளைகளுக்கு வேறு பக்கத்தில் சம்பந்தம் செய்யவும் விடலாம் என்றார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கடைசியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஸ்டீரியோவும் நாடக கேசட்டுகளும் பொதுவில் கொடுத்துவிட்டு, யார் வைத்துக்கொள்வது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனித்தார்கள். எய்ட்ஸ் நாடகம் கேட்டவர்கள் சட்டென்று ஊர்த்தலைவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நல்லிணக்க நாடகம் கேட்டவர்கள் உட்கார்ந்து வாதாடினார்கள். பேட்டரிக்கு யார் காசு போடுவது, யார் வீட்டில் வைப்பது, ஏன் எல்லாவற்றையும் தலைவரிடமே கொடுக்க வேண்டும் என்று. தலைவர் சொன்னதும் கத்தியைத் தூக்கிய ஊர்களில் இப்படி ஒரு பேட்டரிச் சண்டை சின்ன விஷயமில்லை.

நெல்லை அண்ணாச்சி:
அப்படியானால் மனசு மாறவில்லை, வாய் மட்டும் மாறியிருக்கிறது. நான் சொன்னதுதானே?

சிற்றலை:
வாய் மாறினால் போதாதா அண்ணாச்சி? 1994இல் மனசில் வெறுப்பே இல்லாத எத்தனையோ பேர் ஊர் செய்கிறது என்று போனார்கள். ஊர் செய்யாது என்று நினைத்திருந்தால் வீட்டில் இருந்திருப்பார்கள்.

ஹுயே வாத்தியார்:
சிற்றலை, இதைக் கொஞ்சம் மறுக்கிறேன். நான் வாழும் ஊரில் வாய் மாறியதைத் தினமும் பார்க்கிறேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு முதல் பதினொன்று வரை உமுகண்டா, ஊர்ப் பொதுவேலை. கடை திறக்காது, பஸ் ஓடாது. எங்கள் குறிச்சியில் வாய்க்கால் தூர்வாரும்போது ஒரு பாட்டியும் ஒரு கிழவரும் ஒரே கூடையின் இரண்டு காதையும் பிடித்து மண் தூக்குவார்கள். கிழவர் பன்னிரண்டு வருடம் கைதியின் ஆரஞ்சுச் சட்டை போட்டவர். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கூடை மட்டும் சாயாமல் போகும். முதலில் எனக்குக் கண் கலங்கியது, இதுதான் நல்லிணக்கம் என்று ஊருக்கு எழுதினேன்.

அப்புறம் 2023 அக்டோபர். இதே ஹுயே மாவட்டத்தில் ஙோமா பகுதியில் வீடு கட்ட மண்ணைத் தோண்டும்போது எலும்புகள் வந்தன. மேலும் தோண்டினார்கள், பக்கத்து வீடுகளுக்கு அடியிலும் தோண்டினார்கள். 2024 ஜனவரி இறுதியில் 119 பேரின் எச்சங்கள் என்றார்கள், பிறகும் எண்ணிக்கை ஏறியது. முப்பது வருடம். அந்த மண்ணுக்கு மேலே ஆட்கள் சமைத்திருக்கிறார்கள், தூங்கியிருக்கிறார்கள். அங்கே கச்சாச்சா நடந்தது. ஒவ்வொரு ஏப்ரலும் நினைவு வாரம் நடந்தது, பேச்சு நடந்தது. பள்ளியில் சமாதானக் கல்வி நடந்தது. தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் வந்து உட்கார்ந்து, கை தட்டி, வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 2018இல் கிகாலிக்கு வெளியே கபுகாவிலும் இதே கதைதான்.

இங்கே இஹஹமுகா என்று ஒரு சொல் உண்டு. பயத்தில் மூச்சுத் திணறிப்போவது. ஏப்ரல் கூட்டங்களில் யாராவது திடீரென்று அலறுவார்கள், "வருகிறார்கள், வருகிறார்கள்" என்று நாற்காலிக்கு அடியில் ஒளிவார்கள். மஞ்சள் மேலங்கி போட்ட தொண்டர்கள் அணைத்துத் தூக்கிப்போய்ப் பாயில் படுக்க வைப்பார்கள், கூட்டம் தொடரும். ஙோமாவுக்குப் பிறகு வந்த ஏப்ரலில் கூடை தூக்கும் அந்தப் பாட்டி அப்படித்தான் விழுந்தார். அவருடைய தம்பி எங்கே என்று இன்னும் தெரியாது. கூடையின் மறுகாதைப் பிடிப்பவருக்குத் தெரியுமோ என்னவோ.

அதனால் வாய் மாறினால் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நல்ல வார்த்தை பழகிய வாய்க்குள்தான் அந்த 119 பேரும் முப்பது வருடம் இருந்தார்கள்.

மல்லிகா டீச்சர்:
இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை சார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பென்றால் தள்ளிவிடுங்கள். பையனை "சொல்" என்றும் சொல்லாதீர்கள், "சொல்லாதே" என்றும் சொல்லாதீர்கள். அவன் சொன்னால் அந்த இன்னொரு பிள்ளை உடனே ஏதாவது முகம் காட்ட வேண்டும். மன்னித்த முகமோ, பரவாயில்லை என்ற முகமோ. அவன் கேட்காமலே அவன் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது என்ன நியாயம்? தேர்வு நேரம் வேறு. சொல்லாமல் மறைத்தால் நாளைக்கு வேறு வாயால் தெரியும். இரண்டும் சங்கடம்தான். ஆனால் பையனுக்கு அப்பாவிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதே. உடல் எங்கே என்று அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா? அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் இப்போது அவன்தான். அறைத்தோழன் அப்புறம்.

சட்டைப்பை சட்டம்:
டீச்சர், நான் இத்தனை வருடத்தில் ஒரு சாட்சியிடமும் இப்படிச் சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

நெல்லை அண்ணாச்சி:
டீச்சர் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் ஒன்று, இருபது வருடம் கழித்து வரும் அப்பனிடம் முதல் நாளே போய் இதைக் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? என் அப்பா துபாயிலிருந்து நாலு வருடத்துக்கு ஒரு தரம் வருவார், சாப்பிட்டீர்களா என்று கேட்கவே எனக்கு இரண்டு நாள் ஆகும்.

மல்லிகா டீச்சர்:
முதல் நாளே கேட்கச் சொல்லவில்லை அண்ணாச்சி.

வாத்தியார் சார், அந்த அறைத்தோழன் எப்படிப்பட்ட பையன்? அதைச் சொல்லவே இல்லையே.

ஹுயே வாத்தியார்:
அமைதியான பையன் டீச்சர். தப்பிப் பிழைத்தவர்களுக்கான மாணவர் சங்கத்தில் இருக்கிறான். 1996இல் இங்கே புட்டாரே பல்கலைக்கழகத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். அப்பா அம்மா இல்லாத மாணவர்கள் சேர்ந்து தங்களுக்குள்ளேயே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் அப்பா, இருபது வயதுப் பெண் அம்மா, மற்றவர்கள் பிள்ளைகள். யாருக்காவது காய்ச்சல் என்றால் "அம்மா" கஞ்சி எடுத்துப்போவாள், பட்டமளிப்பு அன்று "அப்பா" பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வான். இப்போது படிப்பவர்கள் அடுத்த தலைமுறை, இவர்களுக்குப் பெற்ற அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், ஆனாலும் அந்தக் குடும்பங்கள் நடக்கின்றன. இவன் போன வருடம் ஒரு குடும்பத்துக்கு "அப்பா"வாக இருந்தான். முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கொசுவலை கட்டிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் சொன்னதைப் பையனிடம் என் வார்த்தையில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டான். பிறகு சம்பந்தமே இல்லாமல் "சார், ஆம்பளைகளுக்குச் சராசரியாக எந்த சைஸ் ஷூ?" என்றான். அப்பாவுக்கு ஷூ வாங்க வேண்டுமாம், கால் அளவு தெரியாதாம். சிறைக்குப் பார்க்கப் போனபோதெல்லாம் நடுவில் பெஞ்சு, காலைப் பார்த்ததில்லையாம். 42 வாங்கு என்றேன்.

ஹுயே வாத்தியார்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பலர் தனிமடலில் கேட்டீர்கள்.

பையன் திங்கட்கிழமை திரும்பி வந்தான். அறைத்தோழனிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடம் அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. இரண்டு நாளும் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம், நாய் குரைத்தால் எழுந்து நின்றாராம். ஷூ பெரிதாகிவிட்டது. முன்னால் காகிதம் திணித்துப் போட்டுப் பார்த்தாராம். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை உமுகண்டாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று மகனிடம் கேட்டாராம், சேறாகிவிடுமே என்று.

சனிக்கிழமைக்கு மறுபடி லீவு கேட்டிருக்கிறான். கொடுத்துவிட்டேன்.